தேயும் சபையின் பொறுப்பை ஏற்கும் நண்பனுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கு அனைவரும் சுகம். உன் அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை வாசித்து ஆண்டவரைத் துதித்தோம். என் மனைவி அவர்களுக்குத் தனியாக எழுதுவாள்.

இனி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த செய்திக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இடம் போதாமல் வாசலில் நின்று ஜனங்கள் ஆராதித்த அந்தச் சபையின் பொறுப்பை ஏற்கச் சம்மதித்துவிட்டாய் என்றும், இன்று அங்கே முன்வரிசைகளே நிரம்புவதில்லை என்றும், ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர்கள் இருந்தும் பிள்ளைகள் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதோடு ஓராண்டுத் திட்டம் ஒன்றையும் இணைத்திருக்கிறாய்: இரண்டாம் ஆராதனை, புதிய இசைக்குழு, வாலிபர் முகாம், ஆலயத்தைப் புதுப்பிக்க நிதி. அதை வாசித்தபோது நம் கிரேக்க ஆசிரியர்தான் நினைவுக்கு வந்தார். பாதி வாக்கியத்தை வாசித்தவுடனே மொழிபெயர்க்கத் தொடங்கிவிடும் உன்னை, முற்றுப்புள்ளி வரை பொறுத்திரு என்று அவர் எத்தனை முறை கெஞ்சியிருப்பார்! அந்தத் துணிச்சலுக்காகவே உன்னை நேசித்தவன் நான். அந்தத் துணிச்சலை எண்ணித்தான் இப்போது கவலைப்படுகிறேன்.

உன் திட்டத்தில் குறை காண நான் எழுதவில்லை. அதிலுள்ள ஒவ்வொன்றும் ஒரு நாள் தேவைப்படலாம். ஆனால் தேய்ந்துபோன சபைகளில் ஊழியம் செய்த இத்தனை காலத்தில் நான் நம்பத் தொடங்கியிருப்பது ஒன்று உண்டு. சபை சிறுத்ததற்கு இடப்பெயர்ச்சி, பிள்ளைகள் வளர்ந்து வேறிடம் போவது, முதியோர் மறைவு என்று வெளிக்காரணங்கள் பல இருக்கும், அவை உண்மையானவையே. ஆனால் போனவர்களின் இடத்துக்குப் புதியவர்கள் ஏன் வரவில்லை, வந்தவர்களும் ஏன் தங்கவில்லை என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் யாரும் காதுகொடுத்துக் கேட்காத ஒரு முறையீடு அடியில் கிடக்கிறது. அதைக் கேட்டுத் தீர்க்காமல் மேலே எதைக் கட்டினாலும் அது நிற்பதில்லை.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். சீஷர்கள் பெருகிக்கொண்டிருந்த நாட்களில், அன்றாட விசாரணையில், அதாவது ஏழைகளுக்கு உணவு பகிர்ந்துகொடுப்பதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர்கள் எபிரெயர்களுக்கு விரோதமாய் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அதை அற்பமான காரியம் என்று ஒதுக்கவில்லை. முறையிட்டவர்களைக் கலகக்காரர் என்று கண்டிக்கவும் இல்லை. சபையையே கூட்டி, ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் நிதானமாக வாசித்துப் பார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள்! பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் எழுந்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அதற்குப் பிறகுதான், ஏழாம் வசனத்தில், "தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று" என்று வருகிறது. நாம் அந்த வசனத்தை மட்டும் எடுத்து வளர்ச்சியைக் குறித்துப் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்திய முறுமுறுப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நெகேமியாவையும் அப்படித்தான் வாசிக்கிறோம். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், ஐம்பத்திரண்டு நாளில் கட்டி முடிக்கப்பட்டதைச் சொல்லாத ஊழியர் கூட்டம் இல்லை. ஆனால் அவர் எருசலேமுக்கு வந்ததும் யாருக்கும் ஒன்றும் அறிவிக்காமல், இராத்திரியில் சிலரோடு எழுந்துபோய், இடிந்துகிடந்த அலங்கத்தைத் தம் கண்ணாலே பார்த்தார். தாம் ஏறிவந்த மிருகம் கடந்துபோக வழியில்லாத இடம்வரை போய்ப் பார்த்தார். கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐந்தாம் அதிகாரத்தில் ஏழைகளின் கூக்குரல் எழுகிறது: நிலத்தை அடகுவைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம், வட்டி வாங்குகிறவர்கள் எங்கள் சகோதரரே என்று. கற்களுக்கும் சத்துருக்களுக்கும் நடுவே நின்ற அந்த மனிதர், பெரிய சபையைக் கூடிவரச் செய்து, அடகுபிடித்த நிலங்களைத் திருப்பிக் கொடுக்கவைத்தார். அந்த அதிகாரத்தைக் கட்டடக் கதையின் நடுவில் குறுக்கிட்ட வேறு கதையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இங்கே அண்மையில் நடந்த ஒரு காரியம். நான் இந்தச் சபைக்கு வந்தபோது பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நிறுத்திக்கொண்டவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். ஆராதனைக்கு வாருங்கள் என்று அழைக்கப் போகவில்லை. உங்களைப் பார்க்க வந்தேன், சபையைக் குறித்து உங்களுக்கு இருப்பதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டு, ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு தாயார், முழங்கால் வலியால் கைப்பிடியில்லாத படிகளில் ஏற முடியாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் வரவில்லை என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். உள்ளே காணிக்கைக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஓய்வுநாளின் தேதி எழுதி, பணம் வைத்து, ஒட்டி, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நம் பதிவேட்டில் அவர்கள் சபையை விட்டுப் போனவர்கள். அந்தப் பெட்டியைப் பார்த்தபின் அந்தப் பதிவேட்டின் எந்தக் கணக்கையும் முன்போல் நம்ப என்னால் முடியவில்லை.

வேறு சில வீடுகளில் காரணம் அவ்வளவு எளிதாக இல்லை. போன இடமெல்லாம் ஒரே சம்பவம் வேறு வேறு வார்த்தைகளில் வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கட்டடக் கணக்கைக் குறித்து ஒரு சபைக்கூட்டத்தில் மூப்பர் ஒருவர் மற்றொருவரின் நேர்மையைச் சந்தேகித்துப் பேசியிருக்கிறார். கணக்கு பின்னால் சரியாகவே இருந்தது. ஆனால் சந்தேகம் சபை நடுவில் சொல்லப்பட்டது. அது தவறு என்பது ஒருபோதும் சபை நடுவில் சொல்லப்படவில்லை. அந்தக் குடும்பமும் அவர்களோடு நெருங்கியவர்களும் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். மிஞ்சியிருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசாமலிருக்கப் பழகிக்கொண்டார்கள்; பிறகு எதைப் பற்றியும் மனம்விட்டுப் பேசாமலிருக்கப் பழகிக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒருவன் இதில் எதையும் அறியாவிட்டாலும், அந்த இறுக்கத்தை உணராமல் இருப்பானா?

சந்தேகித்த மூப்பர் இப்போது மிகவும் முதியவர். நான் அவரிடம் பலமுறை போய் உட்கார்ந்தேன். தனியாக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றார். சபையில் சொன்னதைச் சபையில்தான் திரும்பப் பெறவேண்டும் என்று நான் தாழ்மையாகச் சொன்னேன். கடந்த திருவிருந்து ஆராதனைக்கு முந்திய சபைக்கூட்டத்தில் அவர் எழுந்து, குரல் நடுங்க, அந்தச் சகோதரனின் பெயரைச் சொல்லி, நான் அன்று பேசியது பொய்யாயிருந்தது என்று சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து" என்று தொடங்கும் வசனத்தை எத்தனை முறை வாசித்திருக்கிறேன். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று ஆண்டவர் சொன்னதை அப்படியே ஒரு மனிதர் செய்ததை அன்றுதான் பார்த்தேன். நின்றுபோனவர்களில் சிலர் அதன்பின் தாமாகவே வரத் தொடங்கினார்கள். எல்லாரும் வரவில்லை, சிலர் இனி வரவும் மாட்டார்கள். ஆனால் வருகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், ஆராதனை முடிந்தும் நின்று பேசுகிறார்கள். அது எனக்குப் பெரிய காரியம்.

சபைச் சரித்திரத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் தஞ்சம் புகுந்த மொராவியர்கள் என்ற கிறிஸ்தவ அகதிகள் 1727-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளவுபட்டுச் சிதறும் நிலையில் இருந்தார்கள். பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே மாதத்தில் அனைவரும் ஒன்றாய் வாழ்வதற்கான உடன்படிக்கை ஏற்படுத்தப்பட்டது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்தெல்ஸ்டோர்ஃப் ஆலயத்தில் திருவிருந்தில் கூடியபோதுதான் அவர்கள் என்றும் மறவாத எழுப்புதல் உண்டாயிற்று. அதே மாதத்தில் தொடங்கிய ஜெபச் சங்கிலி, ஒருவர் மாற்றி ஒருவர் இடைவிடாமல் ஜெபிப்பது, நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1732-இல் அங்கிருந்து முதல் மிஷனரிகள் புறப்பட்டார்கள். நாம் ஆகஸ்ட் மாதத்தைக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் அந்த மனிதர் ஏறி இறங்கிய வாசற்படிகளை நினைப்பவர் குறைவு.

இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் பதினேழாம் நூற்றாண்டுப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் செய்ததும் இதுவே. ஏறத்தாழ 800 குடும்பங்கள் இருந்த அந்த ஊரில், அவரும் அவருடைய உதவி ஊழியரும் திங்கள், செவ்வாய் இரு நாட்களையும் குடும்பம் குடும்பமாகச் சந்தித்துப் போதிப்பதற்கென்றே ஒதுக்கிவைத்தார்கள். காலப்போக்கில் ஆலயத்தில் இடமில்லாமல் ஐந்து மேல்மாடங்கள் கட்ட வேண்டியதாயிற்று. அவர் வல்லமையான பிரசங்கியார்தான். ஆயினும் அரைமணிநேரத் தனி உரையாடல் சிலருக்குப் பல ஆண்டுப் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்தது என்று கண்டுகொண்டார். நீ உன் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் அறிவேன். அதைக் குறைக்காதே; ஆனால் வாரத்தில் இரண்டு மாலைகளையாவது வீடுகளுக்குக் கொடு.

எதிர்ப்பு வரும். யாருக்கும் பிடிக்காத மாற்றத்தைச் செய்தால்தான் வரும் என்று எண்ணாதே. நீ வந்திருப்பதே சிலருக்குப் போதும். ஆங்கிலப் போதகர் சார்லஸ் சிமியோன் 1782-இல் கேம்பிரிட்ஜின் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு வந்தபோது, இருக்கைகளுக்கு உரிமையுடையவர்கள் அவற்றைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவர் தம் சொந்தச் செலவில் நடைபாதையில் பெஞ்சுகளைப் போட்டார். ஆலயப் பொறுப்பாளர்கள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். அவர் விட்டுப் போகவில்லை. தாம் மரிக்கும்வரை, 54 ஆண்டுகள், அங்கேயே ஊழியம் செய்தார். அத்தனை ஆண்டுகள் நீ இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு அழைப்பு வந்தால் போய்விடலாம் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்குமானால், அதை ஜனங்கள் உன் முகத்தில் வாசித்துவிடுவார்கள். அவர்கள் பல போதகர்களை வழியனுப்பிப் பழகியவர்கள். தங்குகிறவரிடம்தான் தங்கள் பாரத்தைச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் கண்டிப்போடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இசைக்குழுவையும் முகாமையும் பார்த்து அருகிலுள்ள சபைகளிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தால், அதை வளர்ச்சி என்று அறிக்கையில் எழுதிவிடாதே. ஒரு தொழுவத்தின் ஆடுகள் மற்றொரு தொழுவத்துக்கு மாறியதில் ஆண்டவருடைய மந்தை பெருகவில்லை. கிறிஸ்துவை அறியாத ஒருவர் விசுவாசத்துக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றார், தூரமாய்ப் போன ஒருவர் திரும்பினார், ஒரு பிள்ளை தன் பெற்றோரின் விசுவாசத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது என்றால், அதை எனக்கு உடனே எழுது. ஒரே ஒருவராயிருந்தாலும் எழுது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தைச் சபைக்கு வந்த வார்த்தை உனக்கு மனப்பாடம்: "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்." அதைச் சொல்லி இந்தச் சபையை எழுப்பலாம் என்று உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அடுத்த வசனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ. "சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை ஸ்திரப்படுத்து" என்று ஆண்டவர் சொல்கிறார். அப்படியானால் அங்கே இன்னும் சாகாதது ஏதோ இருக்கிறது. வாரந்தோறும் ஆலயத்தைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருப்பவர் யார், நோயாளிகளைச் சத்தமில்லாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், ஆறுபேர் மட்டுமே வந்தாலும் ஜெபக்கூட்டத்தை நிறுத்தாமல் நடத்துகிறவர் யார் என்று கண்டுபிடி. அவர்களைப் பலப்படுத்துவதே உன் முதல் வேலையாக இருக்கட்டும். பிள்ளைகளே இல்லாமல் ஆசிரியர்கள் மட்டும் காத்திருக்கும் அந்த ஓய்வுநாள் பள்ளியை மூட நினைத்திருப்பாய் என்று ஊகிக்கிறேன். மூடாதே! அந்த ஆசிரியர்களைத் தேடிப் போய் நன்றி சொல். ஏன் இன்னும் வருகிறீர்கள் என்று கேள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து நீ தொடங்கலாம்.

உன் உடல்நலத்தைக் குறித்தும் பயப்படுகிறேன். மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீரும் உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னதை நம் பெரியவர் உனக்காகவே ஒரு முறை பிரசங்கித்தார் என்று நாம் பேசிக்கொண்டதை மறந்திருக்கமாட்டாய். வாரத்தில் ஒரு நாளை உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முழுவதுமாகக் கொடு. உன்னிடம் மனம் திறந்து பேசவும், உன்னைத் தடுத்துக் கேட்கவும் கூடிய ஒரு மூப்பரைக் கண்டுபிடிக்கும்வரை, அந்த வேலையை நான் இங்கிருந்தே செய்கிறேன்.

அந்த ஓராண்டுத் திட்டத்தைக் கிழித்துவிடாமல் மேசைக்குள் வைத்திரு. பதிவேட்டில் உள்ள எல்லா வீடுகளுக்கும் போய்வந்தபின் எடுத்துப் பார்த்து, எதை மாற்றினாய் என்று எனக்கு எழுது. முதல் சந்திப்புகளில் கேட்டவற்றையும், பெயர்களைத் தவிர்த்து, எழுதினால் உனக்காக இன்னும் தெளிவாக ஜெபிக்க முடியும். அடுத்த மாதம் எனக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். நீ அழைத்தால் வந்து உன்னோடு சில வீடுகளுக்கு நடக்க ஆசைப்படுகிறேன்.

உன் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

கிறிஸ்துவுக்குள் உன் நண்பன்