திருகோணமலைச் சமயப் பெரியவர்களுக்கு: மான்களைப் பற்றி ஒரு மடல்

கோயில் ஐயாமார், மௌலவிமார், பாதர்மார், விகாரைத் தேரர்கள் எல்லாருக்கும் வணக்கம். தனித்தனியாக எழுதாமல் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் மான்கள் தின்னுகிற இந்தப் பொலித்தீன் குப்பையில் எல்லாருடைய சனத்துக்கும் பங்கு இருக்கிறது.

விசயம் எங்கள் ஊர் மான்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற எவரும் பார்த்திருப்பீர்கள்: மர நிழலில் நாலைந்து புள்ளிமான் படுத்திருக்கும், தள்ளி ஒன்று கறிக்குழம்பு ஒட்டிய லஞ்ச் சீற்றை, அதுதான் சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளை, வாய்க்குள் இழுத்துக்கொண்டு நிற்கும், நாங்கள் போனை எடுத்துப் படம் பிடிப்போம். அசைபோடும் விலங்கின் வயிற்றுக்குள் போன பொலித்தீன் செமிக்காது, இலேசில் வெளியேயும் வராது. அங்கேயே சுருண்டு சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள, மான் வயிறு நிறைந்தபடியே பட்டினியில் மெலிந்து சாகும். (லஞ்ச் சீற்றுக்கு 2017 இலேயே தடை வந்துவிட்டது. அது வேறு கதை.)

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: இயற்கையைக் கெடுத்தது மேற்கத்தையச் சிந்தனை, நாங்கள் மரத்தையும் மலையையும் கும்பிடுகிற ஆட்கள். எனக்கு இந்தப் பேச்சுக் கேட்டுச் சலித்துவிட்டது. லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1967 இல், மனிதனை இயற்கைக்கு மேலே தூக்கி வைத்ததில் மேற்கத்தையக் கிறிஸ்தவத்துக்குப் பெரிய பொறுப்பு உண்டு என்று எழுதினார், மற்றவர்களுக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. ஆனால் மனிதனை ஆளச்சொன்ன அதே ஆதியாகமம் அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனை வைத்ததாகச் சொல்கிறது. பாப்பரசர் பிரான்சிஸும் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதைத்தான் நினைவூட்டினார்.

சரி, நான் சைவன், என் வீட்டைப் பார்க்கிறேன். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருகமாகி' என்று சிவபுராணம் ஓதாத வெள்ளிக்கிழமை எங்களுக்கு இல்லை. சைவ சித்தாந்தப்படி மானுக்குள் இருப்பதும் என்னைப் போல வினையில் கட்டுண்ட ஓர் உயிர்தான், எடுத்த உடம்புதான் வேறு. மானிடப் பிறவி அரிது என்றது அதில் கரையேற வழி இருக்கிறது என்பதற்காக, மற்றதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகலாம் என்பதற்காக இல்லையே! போதாக்குறைக்கு, நாங்கள் மலையேறிக் கும்பிடப் போகிற சிவனின் கையிலேயே மான் இருக்கிறது. புத்தர் முதல் உபதேசம் செய்தது சாரநாத்தின் மான் வனத்தில். ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டியவர், அதாவது அந்தப் புனித நிலைக்குள் நுழைந்தவர், மானை வேட்டையாடக் கூடாது, விலங்குகளும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆனும் சொல்கிறது.

ஆகவே தத்துவத்தில் எங்களுக்குக் குறைவில்லை, அதனால் இன்னொரு சூழல் தினச் சொற்பொழிவு தயவுசெய்து வேண்டாம். கோயில் அன்னதானமோ முஸ்லிம்களின் கந்தூரி விருந்தோ பௌத்தர்களின் தன்சல் தானமோ கிறிஸ்தவர்களின் திருநாளோ, சாப்பாட்டை வாழையிலையிலோ கழுவி எடுக்கிற தட்டிலோ கொடுங்கள், பொலித்தீனில் வேண்டாம். அர்ச்சனைச் சாமானைப் பொலித்தீன் பையில் கொண்டுவருகிறவரிடம் வாசலிலேயே அதை வாங்கி வையுங்கள். நாலு பேர் முறைப்பார்கள், முறைக்கட்டும். கோட்டைக்குள் இருக்கிற குப்பைத்தொட்டிகளுக்கு மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத மூடி வேண்டும், அதற்கு உரியவர்களிடம் கடிதம் கொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்துத் தாருங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிற அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்.