கதையில்லாமல் படம் எடுத்தவரா லாரி கோஹன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சின்ன பட்ஜெட் திகில் படங்கள் பற்றிய கட்டுரையில் அமெரிக்க எழுத்தாளர்-இயக்குநர் லாரி கோஹனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ‘கையில் காசும் இல்லை, கதையும் இல்லை, கிடைத்த தெருவில் கேமராவை வைத்து ஓட்டிவிட்டார்’ என்று அதில் ஒரு வரி. அதே இதழில் சில பக்கம் தள்ளி, ஓடிடி பரிந்துரையில், ‘போன் பூத்’ படத்தின் திரைக்கதையை வானளாவப் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தத் திரைக்கதையை எழுதியவர் இதே கோஹன்தான் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இடப் பற்றாக்குறையாக இருக்கும். இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் பெயருக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் முழுப் படத்தையும் நடத்தும் யோசனையை கோஹன் 1960களிலேயே த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக்கிடம் பேசியிருக்கிறார். ஆள் ஏன் கூண்டை விட்டு வெளியே வரமாட்டான் என்பதற்குக் காரணம் பிடிபடாததால் அது அப்படியே கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து, துப்பாக்கியோடு எதிரே மறைந்திருப்பவன் என்ற ஒற்றை விடை கிடைத்ததும் எழுதி முடித்தார். படப்பிடிப்பு சுமார் 10 நாள். ஒரே இடத்தில் எடுத்தால் செலவு குறையும் என்பது யாருக்கும் தெரியும். அந்த இடத்தை விட்டு ஆள் நகராமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை. இவருக்கா கதையில்லை?

தெருவுக்கு வருவோம். கோஹனைப்போல அனுமதி இல்லாமல் தெருவில் எடுப்பதைச் சோம்பேறி வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் எடுத்துப் பார்க்கட்டும். கேமராவைத் தூரத்தில் ஒளித்து நீளமான லென்ஸில் எடுக்க வேண்டும். லைட், ரிஃப்ளெக்டர் எதுவும் வைக்க முடியாது. ஒத்திகையை வேறு இடத்தில் முடித்துவிட்டு வரவேண்டும். இரண்டாவது டேக் போனால் கூட்டம் கேமராவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடும். வண்டிச் சத்தத்தில் வசனம் எடுபடாது, டப்பிங்கில் வாயசைவு உதைக்கும். அதனால் தெருவில் நடிகர் நடக்கலாம், ஓடலாம், விழலாம்; பேச்சை அறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போதே பிரித்துவிட வேண்டும், ஸ்பாட்டில் யோசித்தால் அன்றைய நாள் போச்சு. ‘ப்ளாக் சீசர்’ (1973) படத்தில் குண்டடிபட்ட நாயகன் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் தள்ளாடி நடக்கும் காட்சியைப் பாருங்கள். சுற்றிலும் இருப்பவர்கள் துணை நடிகர்கள் அல்ல. ஒரு வசனம் கிடையாது. தேவையும் இல்லை.

அதன் இரண்டாம் பாகத்தை வார இறுதிகளில் எடுத்தார். மற்ற நாட்களில் அதே குழுவோடு ‘இட்ஸ் அலைவ்’. நாயகன் வேறு படத்தில் இருந்ததால் நியூயார்க் காட்சிகளில் டூப்பை முதுகுப்பக்கம் காட்டி ஒப்பேற்றினார். அந்த இரண்டாம் பாகம் சுமார்தான், மறைக்கவில்லை. ஆனால் ‘இட்ஸ் அலைவ்’? ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் செய்த அந்தக் கொலைகாரக் குழந்தையை முழுதாகக் காட்டினால் பொம்மை என்று தெரிந்துவிடும். எனவே ஒரு நகம், ஒரு நிழல், அப்பனின் முகம். மிச்சத்தை பெர்னார்ட் ஹெர்மனின் இசை பார்த்துக்கொண்டது. 1974இல் கவனிப்பாரின்றிப் போன படம், 1977இல் புது விளம்பரத்தோடு மறுபடி வந்து வசூல் செய்தது. படம் அதேதான்.

குறை சொல்லவே வேண்டும் என்றால் சரியான குறையைச் சொல்லியிருக்கலாம். நியூயார்க்கின் க்ரைஸ்லர் கட்டடத்தில் பறக்கும் பாம்பு கூடு கட்டும் ‘க்யூ’ (1982) படத்தில், நகரத்தை ஹெலிகாப்டரில் எடுத்து முடித்த பிறகுதான் ஸ்டாப் மோஷன் கலைஞர்களைக் கூப்பிட்டார். அதில் நொடிக்கு 24 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பொம்மையைக் கையால் துளித்துளியாக நகர்த்திப் படமெடுக்க வேண்டும். பின்னணி ஷாட் அசையாமல் இருந்தால் பிழைத்தார்கள். அதுவும் ஆடினால் பொம்மை தனியாக மிதப்பதுபோல் தெரியும். ஷாட்களை முன்கூட்டியே வரைந்து ஸ்டோரிபோர்டு போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். இப்படி எழுதியிருந்தால் நான் ஏன் கடிதம் எழுதப்போகிறேன்?

இது முதல் தடவையும் இல்லை. உங்கள் உலக சினிமா பகுதி விழாக்களில் பரிசு வாங்கிய படத்தைத் தாண்டி வருவதில்லை. தப்பித்தவறி திகில் படம் வந்தால் ‘பேய்ப்படம்’ என்று ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். விமர்சனத்தில் ஒளிப்பதிவாளர் இருப்பார், சண்டைப் பயிற்சியாளர் இருப்பார், எழுதியவர் இருக்கமாட்டார். இதைப் பற்றி முன்பே எழுதினேன். என் கடிதம் இதழில் வரவில்லை, அதே வாரம் நடிகையின் நாய்க்குட்டி அரைப்பக்கம் வந்தது. நாய்க்குட்டி மேல் எனக்குக் கோபமில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஓடிடி பரிந்துரையின் இணையப் பதிப்பில் ‘திரைக்கதை: லாரி கோஹன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இனி வரும் விமர்சனங்களிலும் இயக்குநர் பெயருக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடுங்கள். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
திருச்சி.