இரண்டு சின்னத்தில் விழுந்த முத்திரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ பேசியதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். படிப்பறிவு இல்லாதவர் கையிலும் நமக்குச் சமமான ஓட்டைக் கொடுத்ததுதான் இந்த நாட்டின் கோளாறு என்றும், ஒரு தேர்வு வைத்துத் தேறியவருக்கு மட்டும் வாக்குரிமை தர வேண்டும் என்றும் சொன்னாய். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு நடத்தியவளுக்கு எதையும் எழுதிக் காட்டினால்தான் மனம் ஆறும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்கும் அந்த ஏற்பாடு நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருந்தது. 1986இல் தமிழ்நாடு சட்ட மேலவை கலைக்கப்படும் வரை, பட்டதாரிகளுக்கென்று தொகுதிகளும் ஆசிரியர்களுக்கென்று தொகுதிகளும் தனியாக இருந்தன. உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பணி முடித்திருந்ததால் எனக்கும் ஆசிரியர் தொகுதியில் வாக்கு இருந்தது. அங்கே முத்திரை குத்துகிற வேலை இல்லை. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று நம் விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியர் வாக்களித்துவிட்டு வெளியே வந்து, "நின்றவர்கள் அஞ்சு பேரும் தெரிஞ்சவங்க, எதுக்கு மனக்கசப்பு, எல்லாருக்கும் ஒண்ணு போட்டுட்டேன்" என்று சிரித்தார். முதுகலைப் பட்டம் பெற்றவர். அவருடைய சீட்டு அன்று மாலை செல்லாத சீட்டுகளோடு போயிருக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேள். 2006 உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு எண்ணும் பணிக்கு என்னை ஒன்றிய அலுவலகத்தில் போட்டிருந்தார்கள். கிராம ஊராட்சிகளுக்கு அப்போதும் காகிதச் சீட்டுதான். ஒரு ஊராட்சித் தலைவர் பதவிக்கான கட்டைப் பிரித்தபோது, பூட்டு சாவிச் சின்னத்திலும் மூக்குக்கண்ணாடிச் சின்னத்திலும் முத்திரை விழுந்த சீட்டு ஒன்று என் கைக்கு வந்தது. மை பரவவில்லை, மடிப்பில் ஒட்டிய நகலும் இல்லை. இரண்டு இடத்திலும் நிதானமாக, கட்டத்தின் நடுவில் குத்தியிருந்தது. இரு தரப்பு முகவர்களும் அது தங்களுடையது என்று மேசையைத் தட்டினார்கள். விதிப்படி செல்லாது என்று எழுதி ஒதுக்கிவைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அந்தச் சீட்டு இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைப் போட்டவர் ஒருவேளை எழுதப் படிக்கத் தெரியாதவராகவே இருக்கலாம். ஆயினும் நின்ற நால்வரில் இந்த இருவரில் யார் வந்தாலும் தனக்குச் சம்மதம், மற்ற இருவரும் வேண்டாம் என்பதை அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். எங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னதைவிடத் தெளிவாக. கேட்டுக்கொள்ளத்தான் எங்களிடம் விதி இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மேயர் தேர்தலின் முதல் சுற்றுக்கு 2021 முதல் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறார்கள்: சம்மதமான எல்லாருக்கும் குறி போடலாம், அதிகமான சம்மதம் பெற்ற இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அந்த ஊரில் அந்தச் சீட்டு செல்லும்.

ஆகவே தம்பி, கோளாறு வாக்காளரின் படிப்பில் இருக்கிறது என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வித்தாள் சரியில்லாதபோது மாணவரைக் குறை சொல்லும் வாத்தியாரை நீயே எத்தனை முறை திட்டியிருக்கிறாய்! நம்முடைய வாக்குச்சீட்டு ஒருவரின் மனத்தில் உள்ளதில் ஒரே ஒரு துளியை மட்டும் கேட்கிறது. பிறகு அதைத் தொகுதிவாரியாகக் கூட்டி, முந்தியவர் யாரென்று மட்டும் பார்த்து, மற்றதை எல்லாம் கொட்டிவிடுகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குப் பெற்று 39 இடங்களில் 37ஐ எடுத்துக்கொண்டது. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடம்கூட இல்லை. அதே தேர்தலில் பா.ஜ.க. நாடு முழுவதும் 31 விழுக்காட்டில் 282 இடங்களைப் பெற்றது. வாக்கு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சிக்குக் கிடைத்தது பூஜ்யம். எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதில் எனக்கு இப்போது வழக்கில்லை, அடுத்த தேர்தலில் தராசு மறுபக்கம் சாயும். 44ஐயும் 23ஐயும் 37ஆகவும் பூஜ்யமாகவும் மாற்றுகிற கணக்கை எந்த வகுப்பில் போட்டாலும் நான் மதிப்பெண் தர மாட்டேன், அவ்வளவுதான்.

நம் பக்கத்து ராதாபுரத்தை நினைத்துப் பார். 2016 சட்டமன்றத் தேர்தலில் வித்தியாசம் 49 வாக்குகள். தேர்தல் பணிக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் போடும் தபால் வாக்குகளில் 203, சான்றொப்பம் இட்டவர் அதற்குரிய அலுவலர் இல்லை என்று தள்ளப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வெற்றியும் தோல்வியும் அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும்போது, மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தவர்களுக்கு விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகளிடம், "உங்கள் ஆள் இல்லையென்றால் இந்த இருவரில் யார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது. 2013 முதல் "மேற்கண்ட எவருமில்லை" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே என்பாய். அந்தப் பொத்தானுக்கே அதிக வாக்கு விழுந்தாலும் அதற்கு அடுத்து வந்தவர்தான் உறுப்பினர். கோபத்தைப் பதிவு செய்ய உதவும், கணக்கை மாற்ற உதவாது.

இரண்டாவது விருப்பத்தைக் கேட்கும் முறை நம் நாட்டுக்கு அந்நியமும் இல்லை. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் இன்றும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வி.வி. கிரி என்ற ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தாலே தேர்தல் விதி எப்படி ஆளை ஏற்றியும் இறக்கியும் விடுகிறது என்று புரியும். மத்தியில் தொழிலாளர் அமைச்சராக இருந்த அவர் 1957இல் பார்வதிபுரத்தில் நின்றார். அது பழங்குடியினருக்கு ஓர் இடமும் பொதுவில் ஓர் இடமும் கொண்ட இரட்டை உறுப்பினர் தொகுதி. பழங்குடி வேட்பாளர்கள் இருவருமே அவரைவிடக் கூடுதல் வாக்குப் பெற்றதால் இரண்டு இடமும் அவர்களுக்கே போயின. பொது இடத்தில் அவர்கள் அமர்வது எப்படி என்று கிரி வழக்குப் போட்டார். வாக்கு கூடுதலாகப் பெற்றவர் யாராக இருந்தாலும் பொது இடம் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்த்துச் சொன்னது, சரியாகவே சொன்னது. இரண்டு ஆண்டில் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். அதே கிரி 1969இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றபோது, முதல் விருப்ப வாக்குகளின் மதிப்பு அவருக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. வெல்வதற்கு 4,18,169 வேண்டும். சி.டி. தேஷ்முக் உள்ளிட்ட மற்றவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களைப் பிரித்துச் சேர்த்த பிறகே கிரி 4,20,077ஐத் தொட்டார். இரண்டாவது விருப்பம் பெரும்பாலும் ரெட்டிக்கே போயிற்று என்பதையும் கவனி. முந்தி நின்றவரிடமே, பாதிப் பேருக்கு மேல் உன்னை ஏற்கிறார்களா என்று கேட்டுப் பார்த்த பிறகே அந்த முறை மாலை போட்டது.

நீ இருக்கும் ஆஸ்திரேலியா 1918இலேயே இதற்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு சுவான் தொகுதி இடைத்தேர்தலில் ஒரே பக்கத்து வாக்குகள் இரண்டாகப் பிரிந்துவிட, 22 வயது தொழிற்கட்சி இளைஞர் ஒருவர் 34 விழுக்காட்டில் வென்றுவிட்டார். பதறிப்போன ஆளுங்கட்சி சட்டத்தை மாற்றியது. நோக்கம் சுயநலந்தான், விளைந்தது நல்லது. ஆனால் அதையும் தலைமேல் தூக்கி வைக்காதே. 2025 மே மாதம் உன் முதல் ஆஸ்திரேலிய ஓட்டைப் போட்டுவிட்டு வந்து என்ன சொன்னாய்? "எல்லாக் கட்டத்திலும் எண் போட வேண்டுமாம், மேலிருந்து கீழாக வரிசையாகப் போட்டுவிட்டு வந்தேன்" என்றாய். அதற்கு அங்கே கழுதை ஓட்டு என்று பெயர் இருப்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். டாஸ்மேனியாவில் இப்படிப்பட்டவர்களுக்காகவே சீட்டுக்குச் சீட்டு வேட்பாளர் வரிசையை மாற்றி அச்சிடுகிறார்களாம். பொறியியல் படித்து, வெளிநாட்டில் குடியுரிமையும் பெற்ற என் மகன் கழுதை ஓட்டுப் போடுகிறான். நம் ஒன்றியத்தில் யாரோ ஒருவர் இரண்டு சின்னத்தில் யோசித்துக் குத்துகிறார். தேர்வு வைத்தால் யார் தேறுவது, சொல்.

அதே தேர்தலில் உன் மெல்போர்ன் தொகுதியில் முதல் விருப்பத்தில் முந்தி நின்ற பசுமைக் கட்சித் தலைவர், மற்றவர்களின் விருப்பங்கள் சேர்ந்ததும் தோற்றார். தொகுதிக்குள் அது நியாயம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 34 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய தொழிற்கட்சிக்கு 150இல் 94 இடம், 12 விழுக்காடு பெற்ற பசுமைக் கட்சிக்கு ஒரே இடம். ஒரு தொகுதிக்குள் வாக்குப் பிரிந்து சிறுபான்மை வெல்வது ஒரு நோய். மொத்த வாக்குக்கும் மொத்த இடங்களுக்கும் பொருத்தமே இல்லாமல் போவது வேறொரு நோய். வரிசை எண் முதல் நோய்க்கு மட்டுமே மருந்து.

இரண்டாவது நோய் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இலங்கையைவிட வேறு சாட்சி வேண்டாம். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்கு, 168இல் 140 இடம். ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு இடம். அதைவிட மிகக் குறைவான வாக்குகளை வடக்கிலும் கிழக்கிலும் செறிவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு; அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்ததால், புதிய அரசியலமைப்பை இயற்றவும், 1982இல் பொதுத்தேர்தலையே நடத்தாமல் ஒரு பொதுவாக்கெடுப்பின் வழியே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கவும் அவர்களால் முடிந்தது. அந்த அரசியலமைப்பே, வாக்கு விகிதப்படி இடங்களைப் பிரித்துத் தரும் விகிதாசார முறையையும் கொண்டுவந்தது என்பது வேடிக்கை: தான் ஏறி வந்த ஏணியை எடுத்துவிட்டார்கள்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இது பேசப்பட்டது. 1949 ஜனவரியில் காஜி சையத் கரிமுத்தீன் என்ற உறுப்பினர் விகிதாசாரம் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். எழுத்தறிவு பரவாத நாட்டில் அது நடவாது, சிதறிய அவையில் நிலையான அரசும் அமையாது என்று அம்பேத்கர் மறுத்தார். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காடு. அன்றைக்கு அந்த மறுப்பு நியாயந்தான். 2011இல் அது 73ஐத் தொட்ட பிறகும் அதே விடையைப் பார்த்தெழுதிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. 1999இல் சட்ட ஆணையம், மக்களவை இடங்களை நான்கில் ஒரு பங்கு கூட்டி, அந்தக் கூடுதல் இடங்களைக் கட்சிகளின் வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து நிரப்பலாம் என்றது. எனக்கு அதில் பாதிச் சம்மதம். பட்டியலில் முதல் பெயர் யாருடையது? தலைவரின் மகனா, கட்சிக்குப் பணம் கொடுத்தவரா? பட்டியலின் வரிசையையும் வாக்காளர் மாற்றலாம் என்றால் மீதிப் பாதியையும் கொடுத்துவிடுவேன்.

குறையே இல்லாத முறை ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று மட்டும் எண்ணாதே. நீ ஏழாவது படிக்கும்போது மே விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் வாக்கெடுத்தோமே, நினைவிருக்கிறதா? உனக்குக் குற்றாலம், பிறகு கன்னியாகுமரி, கடைசியில் திருச்செந்தூர். அக்காவுக்குக் கன்னியாகுமரி, திருச்செந்தூர், குற்றாலம். அப்பாவுக்குத் திருச்செந்தூர், குற்றாலம், கன்னியாகுமரி. கன்னியாகுமரியைவிடக் குற்றாலம் மேல் என்பவர் இருவர். திருச்செந்தூரைவிடக் கன்னியாகுமரி மேல் என்பவர் இருவர். குற்றாலத்தைவிடத் திருச்செந்தூர் மேல் என்பவரும் இருவர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூவரில் இருவர் எதிர்ப்பு. நான் நடுவராக இருந்து விழித்ததுதான் மிச்சம். பேருந்துக் கட்டணம் அப்பாவுடையது என்பதால் திருச்செந்தூர் போனோம். இந்தச் சுழலைப் பிரான்சில் கோந்தோர்சே என்ற கணித அறிஞர் 1785இலேயே எழுதிவைத்திருக்கிறார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்தால், நியாயம் என்று நாம் நினைக்கும் சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று 1951இல் கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் நிறுவிவிட்டார். எல்லாத் தராசிலும் பிழை இருக்கிறது என்பதற்காகக் கையால் எடை போடுகிறவனிடம் சரக்கு வாங்குவோமா? பிழை குறைந்த தராசைத்தான் தேட வேண்டும்.

மாலையில் கணக்குப் படிக்க வரும் பதினொரு பிள்ளைகளுக்கு இந்த வாரம் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே பெயர்களை வைத்து மூன்று விதமாக எண்ணப் போகிறோம். அடுத்த தேர்தலின்போது உங்கள் வாக்குச்சாவடி வாசலில் கட்சிக்காரர்கள் எண் போட்டுக் கொடுக்கிற துண்டுத்தாள் நாலைந்து வாங்கி வைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவா. செனட் சீட்டு மேசை விரிப்பு அளவுக்கு நீளம் என்றாயே, அதன் மாதிரி கிடைத்தால் அதுவும் வேண்டும். அப்பாவின் கண் சொட்டு மருந்தையும் மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா