டேவின் சாவை ஏன் நீக்கினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, நிலாம் வாசிப்புத் திட்டத்திற்காக நூலகத்திலிருந்து ஒரு சிறு கதைப்புத்தகத்தை வீட்டிற்கு எடுத்து வந்தாள். ஜேக் லண்டன் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட, பக் என்னும் சறுக்குவண்டி நாயின் கதையான 'The Call of the Wild' நாவலைச் சுருக்கித் தந்த புத்தகம் அது. இளமையில் நான் விரும்பிப் படித்த நாவல் என்பதால் ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டில் செல்லமாக வளர்ந்த பக்கைத் தோட்டக்காரரின் உதவியாள் திருட்டுத்தனமாக விற்பதும், அது வடக்கே பனிநாட்டுக்குப் போய்ச் சேர்வதும் அதில் இருந்தன. ஆனால், சிவப்புச் சட்டைக்காரன் தடியால் அடித்தடித்து அதனைப் பணியவைக்கும் இடம் இல்லை. பக்கோடு சேர்ந்து வண்டி இழுக்கும் டேவ் என்னும் நாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூலத்தில் உள்ள ஏழு அத்தியாயங்களில் நான்காவது, டேவின் சாவோடு முடிகிறது. கனடாவின் வடக்கே உள்ள டாசன் நகரிலிருந்து அஞ்சல் மூட்டைகளை இழுத்துவரும் வழியில் உள்ளே ஏதோ நோய் கண்டு மெலிந்துபோகும் டேவை, வண்டிக்காரர் இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுகிறார். அதுவோ தன் இடத்தில் வேறொரு நாய் நிற்பதைப் பொறுக்காமல், பாதையோரத்து மென்பனியில் விழுந்து எழுந்து கூடவே ஓடி, கடைசியில் அந்த நாயின் வார்களைக் கடித்து அறுத்துவிட்டுத் தன் பழைய இடத்தில் போய் நின்றுகொள்கிறது. வேலையே அதனைக் கொல்லுகிறது என்று தெரிந்திருந்தும், எப்படியும் சாகப்போகிற நாய் வாரில் பூட்டியபடியே மன நிறைவோடு சாகட்டும் என்று மீண்டும் பூட்டுகிறார்கள். மறுநாள் காலையில் அதனால் நடக்க முடியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து வண்டியை நோக்கி வருகிறது. பின்தங்கிவிட்ட அதன் ஊளை கேட்டுக்கொண்டிருக்க, வண்டிகள் ஆற்றோர மரங்களைக் கடந்து நிற்கின்றன. ஒருவர் மட்டும் திரும்பி நடக்கிறார். துப்பாக்கி ஒருமுறை வெடிக்கிறது.

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். இருமலில் நெஞ்சு குத்தியபோதும் விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்ற என் தந்தையார், அவர் பால்வெட்டும் மரங்களின் நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கங்காணி சொன்ன அன்று சோறு உண்ணவில்லை. சம்பளம் போயிற்றே என்ற கவலையாகத்தான் அதனை அந்நாளில் எண்ணியிருந்தேன். டேவின் கதையைப் படித்த பிறகே, அந்த மரங்கள் அவருக்கு என்னவாக இருந்தன என்பது எனக்கு விளங்கியது. எங்கள் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய அந்தப் பக்கத்தைத்தான் சுருக்கியவர் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்.

பிஞ்சு மனம் தாங்காது என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம். ஐந்து மாதத்திற்குள் 2,500 மைல் ஓடி, 140 பவுண்டு எடை 115ஆகக் குறைந்து நிற்கும் பக்கைப் பார்த்துப் பிள்ளைகள் அழுவார்கள் என்பது உண்மையே, அழட்டும். பனியைக் கண்டிராதவர்களுக்கு அந்த உலகம் புரியாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். குளிர் தாங்காமல் நாய்கள் பனிக்குள் குழி பறித்துச் சுருண்டு உறங்குவதை நான் சொன்னபோது, மழைநாளில் நம் வீட்டு நாய் அடுப்புச் சாம்பலில் படுப்பதைப் போலவா என்று என் பேத்தி உடனே கேட்டாள்.

இந்நாவலில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இறுதியில் வரும் ஈஹட் என்னும் பழங்குடியினர் ஆசிரியரின் கற்பனை; அவர்களைக் கொடியவர்களாக மட்டுமே காட்டியிருப்பது தவறு. உலு சுங்கை சிப்புட்டில் தெமியார் பழங்குடி மக்களோடு ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் நாம், இதனைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லியே படிக்கக் கொடுக்கவேண்டும். ஆயினும் அந்தப் பகுதியையும் வெட்டிவிடக் கூடாது.

கலைக்களஞ்சியப் பணிக்காக நாம் போற்றும் பெ. தூரன் இந்நாவலைக் 'கானகத்தின் குரல்' என்று தமிழில் தந்திருக்கிறார். தமிழ்ப்பள்ளி நூலகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சுருக்கப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் அதனைத் தேடி வாங்கி வைக்கவேண்டும் எனத் தங்கள் நாளிதழின் வழியாக வேண்டிக்கொள்கிறேன். என்னிடம் உள்ள பழைய படியை இரவுதோறும் பேத்திக்கு வாசித்துக் காட்டி வருகிறேன். நாளை இரவு டேவின் பகுதி வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.