முதல் கழுவல் தொட்டி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் சிவாவுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று வாசித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் சோதனைக்குப் படிக்கிறாள், வீட்டில் டிவி சத்தமே இல்லை.

உன் மருமகன் முலாம் பூசும் பட்டறை போடப்போகிறான், கழிவுநீரை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இருபது வருடமாக அந்தத் தண்ணீரோடுதான் என் சீவியம். கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

எங்கள் பட்டறையில் முன்பு எல்லாத் தொட்டித் தண்ணீரையும் ஒரே கிடங்குக்குள் விட்டு, சுண்ணாம்பு போட்டு அடையவிடுவோம். தண்ணீர் தெளிந்துவிடும். செப்பு, நிக்கல் எல்லாம் அடியில் சேறாகக் கிடக்கும். அந்தக் கலவையை வாங்க ஆளில்லை, கொட்டவும் இடமில்லை. சாக்கில் கட்டிப் பின்வளவில் அடுக்கினோம். ஒரு மழைக்கு இரண்டு சாக்கு கிழிந்து, நீலப்பச்சைச் சேறு கானுக்குள் கரைந்தோடியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுப்பது. ஒவ்வொரு பட்டறையும் எங்களைப் போலவே நினைத்தால் என்ன ஆகும்?

அதற்குப் பிறகுதான் மின்பகுப்புக்கு வந்தோம், அதாவது தண்ணீருக்குள் மின்சாரம் விட்டு உலோகத்தைத் தகட்டில் படியவைப்பது. ஏ.எல். படித்த காலத்தில் செப்பு சல்பேற்றுக் கரைசலுக்குள் இரண்டு தகட்டை விட்டுப் பார்த்தோமே, அதேதான். சாமானைச் செப்புத் தொட்டியிலிருந்து தூக்கிக் கழுவ முதலில் முக்குகிற தண்ணீரில்தான் உலோகம் அதிகம். அதை மற்றத் தண்ணீரோடு கலக்கவிடாமல் மறித்து, எவர்சில்வர் தகட்டைக் கதோட்டாக, அதாவது எதிர்முனையாகத் தொங்கவிட்டு நேரோட்டம் (டீ.சி. கரண்ட்) கொடுத்தோம். ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1.19 கிராம் செப்பு. 10 அம்பியரில் 8 மணித்தியாலத்துக்குக் கணக்குப்படி 95 கிராம் வரவேண்டும், எங்களுக்கு எண்பதுக்குக் கிட்ட வந்தது. பின்னேரம் தகட்டின் ஓரத்தில் கத்தி நுனியை விட்டு நெம்பினால், பலாப்பழத்தோல் போலச் சொரசொரப்பாக ஒரே துண்டாய் உரிந்து வரும். அதையே திரும்ப முலாம் தொட்டியின் நேர்முனையில் தொங்கும் அனோட்டுப் பையில் போடலாம்.

சிக்கல் பிறகுதான் வரும். தண்ணீரில் செப்பு லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராமுக்குக் கீழே போனதும், தகட்டுக்குப் போதிய செப்பு அயன் வந்து சேராது. கரண்ட் ஐதரசன் குமிழாய் வீணாகும். நான் அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டினேன், செப்பு கறுத்த தூளாகி அடியில் கொட்டுண்டது. ஓட்டத்தைக் குறைத்து, தண்ணீரைப் பம்பால் சுழலவிட வேண்டும், இல்லையென்றால் பரப்பு கூடிய காபன் இழைக் கதோட்டுப் போடவேண்டும். அதற்கும் மிஞ்சினதுக்குத்தான் சுண்ணாம்பு. இப்போது எங்களுக்கு வருகிற சேறு மிகக் குறைவு.

மருமகனுக்கு இதை அழுத்திச் சொல். நிக்கல் தொட்டியில் குளோரைட்டு இருக்கும், அந்தத் தண்ணீருக்கு மின் கொடுத்தால் குளோரீன் வரலாம், காற்றோட்டம் வேண்டும். சயனைட்டு கலந்த முலாம் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு அமிலமும் படக்கூடாது, நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும். குரோமியத்தை இப்படித் தகட்டில் எடுக்க முடியாது, அதற்கு வேறு வழி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனித் தொட்டி. கட்டடம் எழும்ப முன்னமே படத்தில் கீறிக்கொள்ளச் சொல், பிறகு கொங்கிறீற்றை உடைக்க மனம் வராது.

நம் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம், சிவா. இங்கே ஊற்றுவது ஆற்றோடு போகும். அங்கே வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நிற்கும். அந்தக் கிணற்றில் நாங்கள் வாளி விட்டுக் குளித்தவர்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முன் மருமகனை இரண்டு நாள் இங்கே அனுப்பு, வீட்டிலேயே தங்கட்டும். உரித்த செப்பில் ஒரு துண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரம் கூர், கவனமாக எடு.

அன்புடன்,
ரவி