மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களில் செய்முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காபிக்குப் பெயர்பெற்ற கும்பகோணத்திலும் இப்போது சுக்கு, துளசி, ஆவாரம்பூ கலந்த தேநீர்ப் பொட்டலங்கள் விற்பனைக்கு வருவது மகிழ்ச்சியே. ஆனால் பலவற்றில் 'கொதிக்க வைத்துப் பருகவும்' என்பதற்கு மேல் ஒரு குறிப்பும் இல்லை. சுக்கு கொதித்தால்தான் சாரம் இறங்கும். துளசியையும் எலுமிச்சைப்புல்லையும் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டாலோ மணம் ஆவியோடு போய்விடும் என்பதால், அடுப்பை அணைத்தபின் அவற்றை இட்டு 5 நிமிடம் மூடிவைப்பதே நல்லது. பச்சைத் தேயிலை சேர்ந்திருந்தால் 80 டிகிரி செல்சியஸ் நீரில் 2 அல்லது 3 நிமிடம் போதும். மீறினால் கசக்கும் (அதை மறைக்கத்தான் இத்தனை சர்க்கரை போலும்). அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்பதால், அதன் அளவையாவது தயாரிப்பாளர்கள் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்.