எஸ்கலாண்டே பாலைவனத்துக்குப் புறப்படும் முன் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? அன்றைக்குப் போனில் "தண்ணி இல்லாத காட்டுக்கு எதுக்குடி போற, வேற இடமே கிடைக்கலியா" என்று நீ கேட்டபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். அந்தப் பதில் உனக்குப் போதாது. அதனால் எங்கே போகிறோம், என்ன ஏற்பாடு, எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம் என்று எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

போகிற இடம் யூட்டா மாநிலத்தின் தெற்கே, எஸ்கலாண்டே என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் 5 மணி நேரம் ஆகும். அந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஊரைத் தாண்டிச் சில மைல் போனதும் ஹோல்-இன்-தி-ராக் என்று ஒரு மண்சாலை பிரியும், 60 மைலுக்கு ஓடி கொலராடோ ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றுவிடும். வழியில் பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, குழாய் இல்லை, போன் சிக்னலும் இல்லை. தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும், காரில் உட்கார்ந்தால் பல்லெல்லாம் ஆடும். பாதி தூரத்துக்கு மேல் போய் வண்டியை நிறுத்திவிட்டு, ஹரிக்கேன் வாஷ் என்கிற வறண்ட ஓடைப்படுகை வழியாகக் கயோட்டி கல்ச் என்ற பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறோம். நானும், என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணும், அவள் கணவரும். அவர்கள் இரண்டு பேரும் இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அந்தப் பக்கம் பலமுறை நடந்தவர்கள். அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறோம்.

எதற்குப் போகிறாய் என்று கேட்டாய் இல்லையா, முதலில் அதைச் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என்னை அசத்திய விஷயங்களில் பெரியது இந்த நிலம்தான். அந்தப் பகுதி முழுக்கப் பொது நிலம், தனியாருடையது இல்லை. 1996-ல் கிளின்டன் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார், 2017-ல் டிரம்ப் அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக வெட்டிவிட்டார், 2021-ல் பைடன் திரும்பச் சேர்த்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அங்கே நடந்துபோகிற ஒருத்தியை நீ இந்த நாட்டுக் குடிமகளா, விசாவில் வந்தவளா என்று யாரும் கேட்பதில்லை. கேட் கிடையாது, காவலாளி கிடையாது, பள்ளத்தின் விளிம்பில் கம்பிவேலி கிடையாது. இரவு தங்குவதானால் ஒரு பெர்மிட் எழுதிக்கொள்ளவேண்டும், சில விதிகளை மதிக்கவேண்டும், அவ்வளவுதான். அவ்வளவு நம்பி உள்ளே விடுகிறார்கள். அதற்கு ஏற்றமாதிரி, உள்ளே என்ன ஆனாலும் நம் பொறுப்பு. தண்ணீர் தீர்ந்தாலும், வழி தப்பினாலும், கால் பிசகினாலும் உதவி வந்து சேர மணிக்கணக்காகும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் நாங்கள் நடப்பதைவிட அதிக நேரத்தைத் திட்டம் போடவே செலவழித்துக்கொண்டிருக்கிறோம், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், உன் கவலையே அதுதானே. பாலைவனத்தில் நடக்கிறவர்களுக்கு இங்கே சொல்லும் பொதுக்கணக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், வெயில் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல். 4 லிட்டர் என்றால் 4 கிலோ. மூன்று நான்கு நாளைக்கான தண்ணீர் முழுவதையும் முதுகில் சுமந்து நடப்பது முடியாத காரியம். அதனால் திட்டம் என்பது எங்கே தூங்குவது என்பதில் தொடங்குவதில்லை, எங்கே தண்ணீர் இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததே அங்கே வருஷம் முழுக்க ஓடை ஓடுவதால்.

அவ்வளவு வறண்ட இடத்தில் ஓடை எப்படி என்று நீ கேட்பாய், நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். மேலே இருக்கிற செம்பாறைக்கு நவாஹோ மணற்கல் என்று பெயர். ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முன்னால் காற்று குவித்த மணல்மேடுகள்தான் இறுகிக் கல்லாகியிருக்கின்றன, பாறைமுகத்தில் அந்த மணல்மேட்டின் சரிவுக் கோடுகளை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கல்லில் நுண்ணிய துளைகள் உண்டு. மழையும் பனியும் மெதுவாக அதற்குள் இறங்கிக்கொண்டே போகும். அடியில் கேயென்டா என்று இன்னொரு பாறை அடுக்கு, அது அவ்வளவு லேசில் தண்ணீரைக் கீழே விடாது. இறங்க வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு பாறையும் சேருகிற கோட்டில் சுனையாகக் கசியும். அந்தக் கோட்டில் மட்டும் பெரணி தழைத்துத் தொங்கும், மேலேயும் கீழேயும் வெறும் சிவப்புக் கல். படத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு நேரில் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜேக்கப் ஹாம்ளின் வளைவு என்று ஒரு பிரம்மாண்டமான கல் வளைவு இருக்கிறது, அதற்குப் பக்கத்திலும் அப்படி ஒரு ஊற்று உண்டு. அங்கேதான் தங்குவதாக இருக்கிறோம்.

ஓடை இருந்தாலும் அப்படியே அள்ளிக் குடிப்பதில்லை. ஃபில்டர் எடுத்துப்போகிறோம், அது அடைத்துக்கொண்டால் குளோரின் மாத்திரை. மணல் கலங்கலான தண்ணீர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் மடக்கு வாளியில் பிடித்து இரவு முழுக்கத் தெளியவிட்டு, காலையில் மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டவேண்டும். பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரும்வரை ஹரிக்கேன் வாஷில் நம்பிக்கையான தண்ணீர் இல்லை, அந்தப் பல மைலுக்கும் கையில் இருப்பதுதான். காரிலும் தனியாக ஒரு பெரிய கேன் வைத்துவிட்டுப் போகிறோம், திரும்பி வரும்போது வண்டி கிளம்பாவிட்டால் உதவி வரும்வரை அதுதான் உயிர். அப்புறம் உப்பு. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், குழப்பம், வலிப்புவரை போகும், பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடிக்க வைத்துவிடுவார்கள். அதனால் உப்புப் பொடியும் உப்பான தின்பண்டங்களும் கட்டாயம்.

அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் அந்தப் பாறை கொதிக்கும், ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை இங்கேயும் ஒரு பருவமழை உண்டு. மதியம் திரண்டு ஒரு மணி நேரம் கொட்டும், வெறும் கல் எவ்வளவு குடிக்கும்? அத்தனையும் பள்ளத்தாக்குக்குள் சுவர் மாதிரி வரும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் அப்படித்தான் 11 பேர் இறந்துபோனார்கள், அவர்கள் நின்ற இடத்தில் அவ்வளவாக மழை இல்லை, பல மைல் மேலே பெய்தது. அதனால் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறது என்பது இங்கே ஒரு ஆறுதலே இல்லை. இலையுதிர் காலத்தில் அந்த ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. அரசு வானிலைத் துறை அந்தப் பகுதிக்கென்று திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படியாகப் பிரித்து வெளியிடுகிறது, புறப்படும் காலையில் அதைப் பார்த்து முடிவு. வாய்ப்பு உண்டு என்று இருந்தாலே அந்த வாரம் போவதில்லை என்று மூன்று பேரும் இப்போதே பேசிவைத்துவிட்டோம், அங்கே போய் நின்றுகொண்டு பேசினால் ஆசை வென்றுவிடும். மழை பெய்தால் அந்த மண்சாலை வேறு களிமண்ணாகிவிடும், காய்கிறவரை வண்டி நகராது.

குளிரைப் பற்றி நீ நினைத்திருக்கமாட்டாய். பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டு நடக்கிற இடத்தில் ராத்திரி தண்ணீர் உறைகிற அளவுக்கு இறங்கிவிடும், குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தின் அடியில் வந்து தேங்கும். சூரியன் மாலை 6:30-க்கே மறைந்துவிடும், சுவர்கள் உயரமாக இருப்பதால் பள்ளத்துக்குள் அதற்கும் வெகுமுன்னாலேயே நிழல். ஓடையில் கால் நனைத்துக்கொண்டேதான் நடக்கவேண்டும், பாதையே அதுதான். நனைந்தாலும் காலைச் சூடாக வைக்கிற நியோபிரீன் சாக்ஸ் வாங்கிவிட்டேன், தூங்குவதற்கென்று ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் தனியாக, அதை எந்தக் காரணத்துக்காகவும் நனைக்கக்கூடாது. தீ மூட்டிக் குளிர்காய அனுமதி இல்லை. அது மான் வேட்டைப் பருவமும்கூட, மேட்டில் நடக்கும்போது போட்டுக்கொள்ள ஆரஞ்சு நிறத் தொப்பி வைத்திருக்கிறோம்.

நீ முகம் சுளிப்பாய், இருந்தாலும் சொல்கிறேன்: மலத்தைக்கூட அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது, அதற்கென்று இருக்கிற பையில் கட்டித் திரும்ப எடுத்து வரவேண்டும். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. அத்தனை குறுகலான இடம், ஒரே ஓடை, எல்லோரும் குடிப்பது அதைத்தான். இதேபோல மண்ணிலும் கவனம். மேட்டு நிலத்தில் செடிகளுக்கு நடுவே கறுப்பாக, பொருக்குப் பொருக்காக ஒரு படலம் இருக்கும். வெறும் மண் என்றுதான் தோன்றும். குனிந்து பார்த்தால் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக எழுந்து நிற்கும், பாசியும் லைக்கனும் நீலப்பச்சைப் பாக்டீரியாவும் சேர்ந்து மணலைத் தைத்து வைத்திருக்கிற உயிருள்ள தோல் அது. மண்ணைக் காற்று அள்ளாமல் பிடித்துவைப்பதும், நைட்ரஜனைச் செடிகளுக்குக் கொடுப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டால் திரும்ப வளரப் பல வருஷம், சில இடத்தில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கும் மேல். அதனால் கல்மேலோ ஓடை மணலிலோ மட்டும் நடப்போம். பாறைகளில் பழைய பூர்வகுடிகள் தீட்டிய ஓவியங்கள் உண்டு, விரல் எண்ணெய் பட்டாலே கெட்டுவிடும், தொடமாட்டோம்.

இனி முக்கியமான விஷயம், கவனமாகப் படி. அதே சாலையில் 1934 நவம்பரில் எவரெட் ருயெஸ் என்ற 20 வயதுப் பையன் இரண்டு கழுதைகளோடு தனியாகப் போனான். நல்ல ஓவியன், அந்தப் பாலைவனத்தின்மேல் உயிரையே வைத்திருந்தவன். அடுத்த வருஷம் டேவிஸ் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் கழுதைகள் கிடைத்தன, அவன் கிடைக்கவே இல்லை, இன்றுவரை. 2003-ல் ஏரன் ரால்ஸ்டன் என்பவர் இன்னும் கொஞ்சம் வடகிழக்கே ஒரு பாறை இடுக்கில் கை மாட்டிக்கொண்டு 5 நாள் கிடந்தார், கடைசியில் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை அக்கா, நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று உனக்குப் புரியவேண்டும்.

இங்கே என் தோழி ஒருத்தியிடம் எங்கள் திட்டத்தின் தாள் இருக்கும்: வண்டி எண், எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எந்த வழியாக இறங்கி எங்கே தங்குகிறோம், என் கூடாரம் என்ன நிறம் என்பதுவரை. அதன் படத்தை உனக்கும் அனுப்புகிறேன். கையில் கார்மின் இன்ரீச் என்ற கருவி இருக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், ஆபத்து என்றால் ஒரு பொத்தான். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும், ஆழமான பள்ளத்துக்குள் ஒரு செய்தி போக வெகுநேரம் பிடிக்கும், போகாமலும் இருக்கலாம். அதனால் தினமும் "நலம்" என்று ஒரு வரி அனுப்பப் பார்ப்பேன், வராவிட்டால் நீ பதறாதே.

பதறவேண்டிய நேரம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிக்குள் எஸ்கலாண்டே ஊருக்கு வந்து என் தோழிக்குப் போன் செய்துவிடுவேன். அது உனக்குத் திங்கள் காலை 9:30. அதற்குள் என்னிடமிருந்து எதுவும் வராவிட்டால் அவள் அந்தக் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரீஃபைக் கூப்பிடுவாள், தேடுவதும் மீட்பதும் இந்த மாநிலத்தில் அவர்கள் வேலை. நீ செய்யவேண்டியது, 9:30-க்கு அவளைக் கூப்பிட்டு "தகவல் வந்ததா" என்று கேட்பது, வரவில்லை என்றால் ஷெரீஃபிடம் சொல்லிவிட்டாளா என்று உறுதி செய்துகொள்வது. அவள் எண்ணைத் தாளிலேயே எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தி யாரையும் கூப்பிடவேண்டாம், எங்களுக்கு நேரமாகிவிட்டால்கூட ஓடிப் பிடித்து இருட்டில் பாறை ஏறாமல் நிதானமாக வரத்தான் அவ்வளவு தாராளமாக நேரம் வைத்திருக்கிறோம்.

அந்த நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகிவிடும், நிறையப் படம் எடுத்து வருகிறேன், பிள்ளைகளுக்குக் காட்டு. அம்மாவிடம் மறைக்கவேண்டாம், அரைகுறையாகத் தெரிந்தால்தான் அவள் தூங்கமாட்டாள், இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டிவிடு, ருயெஸ் பையன் கதையை மட்டும் விட்டுவிடு. திட்டத் தாளின் படம் புதன்கிழமை உன் போனுக்கு வரும், வந்ததும் கிடைத்தது என்று ஒரு பதில் போடு.

அன்புடன்,
உன் தங்கை